எடுத்து வைத்த சிரிப்பு

காலை ஒன்பது மணிக்கு, வெறும் மேடையைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றாவது தடவையிலேயே தாடை வலிக்கும். ஐந்தாவது தடவை, எதற்காக இந்த உலகத்தில் பிறந்தோம் என்று தோன்றிவிடும். சஸ்மினிக்கு மட்டும் அப்படித் தோன்றியதே இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் புதுச் சிரிப்பாகத் தருவாள். முதலில் தொண்டையில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அடக்க முடியாமல் மடமடவென்று கொட்டும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அதனால் ஜகார்த்தாவின் டிவி ஸ்டூடியோக்களில் அவளை எப்போதும் முதல் இரண்டு வரிசைக்குள்தான் உட்கார வைப்பார்கள்.

போட்டி நிகழ்ச்சிகளில் கைதட்டுகிற கூட்டம் ஆசைப்பட்டுத் தானாக வந்த கூட்டம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பாவம். அதில் பாதிக்கு மேல் கூலிக்கு வந்தவர்கள். ஜகார்த்தாவை அடுத்த பெக்காசிப் பக்கத்துச் சந்துகளிலிருந்து ரொஹாயே அக்கா என்பவள் வேனில் ஏற்றிக்கொண்டு போவாள். வெள்ளை உடுத்தக் கூடாது, கறுப்பு கூடாது, கோடு போட்டது கூடவே கூடாது. முக்காடு பளிச்சென்று இருக்க வேண்டும். மதியம் ஒரு டப்பாச் சோறு கிடைக்கும். கணவன் லாரி ஓட்டப் போய் உயிரில்லாமல் திரும்பி வந்த வருஷத்திலிருந்து பத்து வருஷமாக சஸ்மினி அந்த வேனில் ஏறுகிறாள். மகள் நிங்ருமைப் படிக்கவைத்து மருத்துவச்சி ஆக்கியது அந்தச் சிரிப்புதான். இதை நிங்ரும் மறுக்க மாட்டாள். ஆனால் வெளியில் சொல்லவும் மாட்டாள்.

சொல்லும்படியாகவா இருந்தது? சந்து முனையில் மோட்டார்சைக்கிள்மேல் சாய்ந்து நிற்கிற பயல்கள், "அத்தே, காசு தர்றோம், கொஞ்சம் சிரிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். சஸ்மினி அதற்கும் சிரித்துவிட்டுப் போவாள். நிங்ருமுக்குத்தான் உடம்பெல்லாம் கூசும்.

அதனால்தான் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாயார் சுகேசி, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டபோது, சஸ்மினி வாய் திறப்பதற்குள் நிங்ரும் முந்திக்கொண்டாள். அம்மா ஒரு கேட்டரிங்கில் இருக்கிறாள் என்றாள். கேட்டரிங் சோற்றை வாரத்தில் நாலு நாள் சாப்பிடுகிறாள், அந்த அளவுக்கு அது உண்மை.

மற்றபடி நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. சஸ்மினி சிரெபோன்காரி. அவள் அம்மா அங்கே எம்பால் கெந்தோங் கடை போட்டிருந்தவள். மண்குடத்தில் மாட்டிறைச்சியைக் குழம்பாக வேகவைக்கிற கடை. அன்றைக்கு சஸ்மினியே அதைச் செய்து பரிமாறினாள். மாப்பிள்ளையின் தகப்பனார் தர்மாஜி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காவலர். நூலகச் சாவியும் அவரிடம்தான் இருக்கும் என்பதால், அங்கே உள்ள புத்தகங்களையெல்லாம் முப்பது வருஷத்தில் படித்து முடித்துவிட்டவர். எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு விவரம் வைத்திருப்பார். சீர்த் தட்டுகளில் ஒன்றிலிருந்து முழுக்கோழியை ஒரு பூனை இழுத்துக்கொண்டு ஓட, அதன் பின்னால் மாப்பிள்ளை பகாஸ் பட்டுச் சட்டையோடு ஓட, சஸ்மினி தன்னை மறந்து சிரித்துவிட்டாள். விக்கல், அப்புறம் கொட்டல். நிங்ரும் முறைத்தாள். தர்மாஜியோ, இப்படிச் சிரிக்கிற வீட்டில் பெண் எடுப்பது தங்கள் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

அன்றைக்குத்தான் சுகேசியின் கதையும் தெரிந்தது. பொரித்த தோஃபு விற்று, மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகவென்று எட்டு வருஷம் சேர்த்தவள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு வீட்டில் துஆ ஓதி, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் வழியனுப்பு விருந்து போட்டு, கண்ணீரோடு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்து முடித்த பிறகு, பயண ஏஜெண்ட் ஓடிப்போன செய்தி வந்தது. விருந்து சாப்பிட்டவர்கள் முகத்தில் மறுநாள் எப்படி விழிப்பது? ஒரு மாசம் அவள் வாசல் பக்கமே வரவில்லையாம். இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சஸ்மினிக்கு அந்தச் சிரிப்பின் தரம் தெரியும். உள்ளே ஒன்றும் இல்லாத சிரிப்பு.

நிச்சயம் முடிந்த மறுநாள் நிங்ரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருநாள் கழிந்த மாதம் கல்யாணம், அதுவரைக்கும் டிவி பக்கம் போகவே போகாதே என்றாள். சஸ்மினி சரி என்றாள். மகள் தலைமேல் கைவைத்துச் சொன்னாள்.

ஒரு மாசம் சொன்னபடியே இருந்தாள். நோன்பு பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ரொஹாயே அக்கா வந்து நின்றாள். நோன்பு மாதத்தில் ஒளிபரப்ப வேண்டிய 'ஏழாம் படி' நிகழ்ச்சிக்கு மூன்று நாள் படப்பிடிப்பையும் இன்றைக்கே எடுக்கிறார்கள், ஒரு ஆள் குறைகிறது, அதுவும் நல்ல சிரிப்பு ஆள் குறைகிறது, இந்த ஒரு தடவை மானத்தைக் காப்பாற்று என்றாள். சஸ்மினி மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை மெரூன் முக்காட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். யாரும் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு அந்த ஒரு மாசமும் சிரிக்க இடமில்லாமல் தவிப்பாக இருந்தது. அதுவும் ஒரு காரணம்.

ஸ்டூடியோவில் முதல் வேலை ஸ்டாக் எடுப்பது. போட்டியாளர்கள் மேடைக்கு வருமுன்பே, கூட்டத்தைச் சிரிக்கச் சொல்லி, திகைக்கச் சொல்லி, ஐயோ என்று வருத்தப்படச் சொல்லி எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு எங்கெங்கே வேண்டுமோ அங்கங்கே வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். காதில் மைக் மாட்டிய ஃப்ளோர்காரப் பையன் சஸ்மினியைக் கண்டதும் கும்பிடு போட்டான். இரண்டாம் வரிசை நடுவில் உட்கார வைத்தான். மேடையைக் கைகாட்டி, தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னான்.

"மொகம் வருமா தம்பி?" என்று கேட்டாள்.

சத்தத்துக்குத்தான் அக்கா, என்றான் அவன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து வருஷம் அந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தெரியும். ஆயிரம் நிகழ்ச்சி வருகிறது, இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஒரு மாசச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். ஃப்ளோர்காரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

போட்டி எளிதானது. ஒரு விடைக்கு ஒரு படி. ஏழாவது படியில் ஏறி நின்றால், இரண்டு பேருக்கு உம்ரா. முதல் ஆள் நாலாவது படியில் விழுந்தான். இரண்டாவதாக வந்த பெண் இரண்டாவது படியிலேயே இறங்கினாள். மூன்றாவதாகத் தொகுப்பாளர் பெயர் சொல்லி அழைத்ததும் பச்சை பாத்திக் சட்டையோடு ஒருவர் கூச்சத்தோடு நடந்து வந்தார். அந்தச் சட்டையை சஸ்மினிக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் அதன் முன்பக்கத்தில் குழம்பு சிந்தி, அவளே ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

எழுந்து போகலாமா என்றால் முடியாது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஒருவரும் இடம் மாறக் கூடாது. மாறினால் ஒட்டும்போது தலைகள் குதிக்கும். முன் வரிசையில் எலுமிச்சைப் பச்சை முக்காட்டில் நல்ல தடித்த பெண்மணி ஒருத்தி இருந்தாள். சஸ்மினி அவள் முதுகுக்குப் பின்னால் தன்னைச் சுருக்கிக்கொண்டாள்.

தர்மாஜி ஒவ்வொரு படியாக ஏறினார். எரிமலை, பழைய ராஜ்ஜியம், விமானம் கண்டுபிடித்த கதை, எதற்கும் தயங்கவில்லை. தொகுப்பாளர் எதற்காகப் போட்டிக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "எம் பொண்டாட்டி ஒரு தடவை எல்லார்கிட்டயும் பயணம் சொல்லிட்டுப் போகாம நின்னுட்டா. அவளக் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்றார். ஆறாவது படியில் நின்றுகொண்டு சொன்னார். கூட்டம் நிஜமாகவே கைதட்டியது. ஃப்ளோர்காரன் கையை உயர்த்துவதற்கு முன்பே தட்டியது. சஸ்மினியும் தட்டினாள், தலையைத் தூக்காமல்.

ஏழாவது கேள்வி. சிரெபோனின் எம்பால் கெந்தோங்கை அந்தக் காலத்து முறைப்படி எந்த மரத்து விறகில் சமைப்பார்கள்? ரம்புத்தானா, பலாவா, மாமரமா?

படைத்தவனே, என்று நினைத்தாள் சஸ்மினி. அவள் எட்டு வயதில் சுமந்த விறகு அது. மாவிறகு தவிர வேறு எதையும் அவள் அம்மா அடுப்புக்குள் விடமாட்டாள். விறகு மாறினால் வாசனை மாறிவிடும் என்று வாங்கி வந்த விறகைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

தர்மாஜிக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் சமையல் புத்தகம் இல்லை போலிருக்கிறது. ஆனால் ஒரு வழி மீதி இருந்தது. கூட்டத்தில் யாராவது ஒருவரைக் கைகாட்டி உதவி கேட்கலாம். கைகாட்டப்பட்டவர் எழுந்து, பெயரும் ஊரும் சொல்லி, விடை சொல்ல வேண்டும். தர்மாஜி கூட்டத்தைப் பார்க்கத் திரும்பினார்.

சஸ்மினி குனிந்தாள். செருப்பு வாரைச் சரிசெய்கிறவளாகக் குனிந்து, நெற்றி முழங்காலில் படும்வரை குனிந்து, அப்படியே இருந்தாள். எழுந்து நின்று பெயரும் ஊரும் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் மனசில் ஓடியது. கேட்டரிங் என்று சொன்ன மகளின் முகம்தான் வந்தது. சுகேசியின் முகம் அப்போது வரவேயில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

ஐயா, நேரம் ஆகிறது என்று தொகுப்பாளர் இரண்டு தடவை சொன்னார். கடைசியில் தர்மாஜியின் குரல் கேட்டது. அதோ அந்த மஞ்சள் முக்காட்டுப் பெண் என்றது. எங்கோ ஓரத்திலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, பலா என்றாள்.

தவறு என்பதற்கான மணி அடித்தது. ஃப்ளோர்காரன் கையை உயர்த்தினான். கூட்டம் ஐயோ என்றது. குனிந்த வாக்கிலேயே சஸ்மினியும் சொன்னாள். பழக்கதோஷம். எல்லோருடைய ஐயோவுக்கும் மேலே அவளுடைய ஐயோதான் கேட்டது.

தர்மாஜிக்கு ஆறுதல் பரிசாகச் சோறு ஆக்குகிற மின்சாரக் குக்கர் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார். சஸ்மினி இடைவேளையில் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, போட்டியாளர்களின் வண்டி கிளம்பியது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் வெளியே வந்தாள். அன்றைய டப்பாச் சோற்றை வேனில் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

மகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். அதற்குள் நோன்பு பிறந்து இரண்டாவது வாரமும் வந்தது. ஒரு நாள் சுகேசி போன் செய்தாள். "நம்மாளு டிவியில வர்றாரு சம்பந்தி. ஆறு படி ஏறியிருக்காரு, தெரியுமா? ஏழாவதுல சறுக்கிட்டாரு, போகட்டும். ஞாயித்துக்கெழமை நோன்பு தொறக்கறதுக்கு முன்னாடிதான் போடுறாங்க. நிங்ருமக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க, சேந்து தொறப்போம்."

சஸ்மினி தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். போகாமல் இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நிங்ரும் கோபித்துக்கொண்டாள். ஸ்டாக்கில் எடுத்ததை ஒரு வினாடிக்கு மேல் போடமாட்டார்கள், அதுவும் தூரத்தில் கூட்டமாகத்தான் காட்டுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

சுகேசியின் வீட்டு முன்னறையில் பாய் விரித்து எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அந்தத் தெருக்காரர்கள், வழியனுப்பு விருந்து சாப்பிட்டவர்கள். நடுவில் பெரிய தட்டு நிறையப் பொரித்த தோஃபு. ஒரு சட்டியில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வாழைப்பழக் கோலாக். தம்ளர் தம்ளராகச் சர்க்கரைத் தேநீர், ஒவ்வொன்றின் மேலும் தட்டு போட்டு மூடி, பாங்கு சொல்வதற்காகக் காத்திருந்தது. தர்மாஜி மூலையில் ஒரு தலையணைமேல் சாய்ந்திருந்தார். சஸ்மினியைப் பார்த்ததும் எழுந்து வரவேற்றார். எப்போதும்போலத்தான் வரவேற்றார்.

நிகழ்ச்சி தொடங்கியது. பாத்திக் சட்டை வந்ததும் அறையே ஆரவாரம் செய்தது. படிக்குப் படி கைதட்டினார்கள். உம்ராவைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு சுகேசி, "இதையெல்லாமா டிவியில சொல்வாங்க" என்று முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழாவது கேள்வி வந்தது. அவர் கூட்டத்தைத் தேடினார். கேமராவும் வரிசை வரிசையாகத் தேடியது. எலுமிச்சைப் பச்சை முக்காட்டுக்குப் பின்னால், மெரூன் நிறத்தில் ஒரு வளைந்த முதுகு மட்டும் தெரிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சஸ்மினி கவனித்தாள். இவ்வளவோடு போயிற்று என்று மூச்சு விட்டாள்.

பலா என்றாள் மஞ்சள் முக்காடு. மணி அடித்தது. திரை நிறைய தர்மாஜியின் முகம் தொங்கிப்போய் நின்றது. அடுத்த கணமே திரை நிறைய சஸ்மினி.

வாயை முழுக்கத் திறந்துகொண்டு, தொடையில் அடித்துக்கொண்டு, மேடையைக் கைகாட்டிச் சிரித்தாள். விக்கல், அப்புறம் கொட்டல். மூன்று வினாடி இருக்கும். பிறகு விளம்பரம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் முதலில் பேசினாள். இது உங்கள் சம்பந்தியம்மா இல்லையா என்றாள். நிங்ரும் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பகாஸ் எதையும் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் கைபேசியைப் பார்த்தான்.

சுகேசி மெதுவாகத் திரும்பினாள். "நீங்க அங்க இருந்தீங்களா?" என்று கேட்டாள். அப்புறம், "அவரு விழுந்ததுக்கா சிரிச்சீங்க?"

சஸ்மினி இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு ஸ்டாக் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், கூலி என்று சொல்ல வேண்டும், கேட்டரிங் பொய் என்று சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மூலையிலிருந்து தர்மாஜி பேசினார்.

"சுகேசி, கொஞ்சம் பொறு. அது எனக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல. எங்கள உள்ள ஒரு ரூம்ல உக்கார வெச்சிருந்தாங்க. அப்பவே இந்தச் சிரிப்பு செவுரு தாண்டிக் கேட்டுச்சு. மேடையில ஒரு ஆளும் கெடையாது அப்ப. முன்னாடியே எடுத்து வெச்சுக்கிட்டு, வேணுங்கிற எடத்துல ஒட்டிக்கிறாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, அது அவங்க வேலை."

அறை மூச்சு விட்டது. அடப்பாவிகளா, இப்படியெல்லாமா ஏமாற்றுகிறார்கள் என்று டிவிக்காரர்களை ஆளுக்கொரு வார்த்தை திட்டினார்கள். கேட்டரிங் என்றல்லவா கேள்விப்பட்டோம் என்று பக்கத்து வீட்டுக்காரி மறுபடி தொடங்கினாள். சுகேசி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சிரிச்சுச் சம்பாதிக்கிறாங்க, திருடியா சம்பாதிக்கிறாங்க? நான் தோஃபு வித்தா கௌரவம், இவங்க சிரிச்சா கேவலமா?"

அவ்வளவுதான். நிங்ரும் மூடி மூடி வைத்த விஷயம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நிங்ரும் அழுதுவிட்டாள். சுகேசி நகர்ந்து வந்து சஸ்மினியின் முழங்காலைத் தொட்டாள். "நோன்பு வாயோட உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க சம்பந்தி" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் சஸ்மினியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

சுகேசி இப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள், இந்தத் தடவை நிஜமான சிரிப்பு. "இந்த மனுஷனுக்கு அதிர்ஷ்டமே இல்ல பாருங்க. நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒங்களயே கைகாட்டியிருப்பாரு. சிரெபோன்காரங்களுக்குத் தெரியாததா? இல்ல, ஒங்களுக்கும் தெரியாதோ?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழியைச் சுகேசியே காட்டிவிட்டாள். நிங்ரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். தர்மாஜி மட்டும் பார்க்கவில்லை. அவர் மூடிய தேநீர்த் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சஸ்மினிக்குச் சுருக்கென்று தைத்தது. சுவர் தாண்டிக் கேட்ட சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டவர், மேடைக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்புக்காரியைத் தேடாமலா இருந்திருப்பார்?

"தெரியும் சம்பந்தி" என்றாள். "மாமரம். அன்னிக்கும் தெரியும். அவரு ஆளத் தேடினப்ப நான் குனிஞ்சுக்கிட்டேன். அவரு கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு."

சுகேசியின் கை முழங்காலிலேயே இருந்தது. எடுக்க மறந்துபோன கை. அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா?"

தர்மாஜி தம்ளர்களிலிருந்து கண்ணை எடுத்தார். "பாத்தேன்" என்றார். "ரெண்டாவது வரிசை. சிரிப்புக் கேட்டதுலேருந்து தேடிக்கிட்டுதான் இருந்தேன். தெரிஞ்ச மொகம் ஒண்ணு இருந்தா தெம்பா இருக்குமேன்னு. அவங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒளிஞ்சிருக்கிறவங்கள அத்தன பேரு முன்னாடி எப்படிக் கைகாட்டுறது?"

"என்னோட உம்ரா" என்றாள் சுகேசி. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பொருளின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அதத்தான் நானும் நெனச்சேன். நெனச்சிட்டுதான் அந்தப் பொண்ணக் காட்டினேன்" என்றார் அவர்.

தெருக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். விளம்பரம் முடிந்து அடுத்த போட்டியாளர் வந்திருந்தான். மூன்றாவது படியில் அவன் ஏதோ உளற, திரையில் மறுபடி சஸ்மினி, அதே மெரூன் முக்காடு, அதே தொடை, அதே கை. யாரோ எட்டி ஒலியைக் குறைத்தார்கள். அவள் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு மறைந்தாள்.

சுகேசி கையை எடுத்துக்கொண்டாள். சஸ்மினியின் முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு ஒங்களக் கைகாட்டியிருந்தா, எழுந்து சொல்லியிருப்பீங்களா?"

அறையில் எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி சட்டென்று நின்று, திரையில் பள்ளிவாசல் மினார் வந்தது. ஜகார்த்தாவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு. தெருக்கோடிப் பள்ளியிலும் முரசு அறைந்தார்கள். நோன்பைத் தாமதிக்காமல் திறக்க வேண்டும். ஆளாளுக்குத் தம்ளரின் மூடியை எடுத்தார்கள், உதடுகள் முணுமுணுத்தன.

சுகேசி ஒரு தம்ளரை எடுத்து, மூடியை நீக்கி, மூன்று பேரீச்சம்பழத்தோடு சஸ்மினியின் முன்னால் வைத்தாள். விருந்தாளிக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். "குடிங்க" என்றாள். "நோன்பத் தொறந்துட்டுச் சொல்லுங்க."

சஸ்மினி பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தாள். தேநீரில் சர்க்கரை தாராளமாகப் போட்டிருந்தார்கள். கூப்பிட்டால் சிரிக்கத் தெரிந்தவள், கேட்டால் அழத் தெரிந்தவள். ஆமாம் என்ற ஒரு சொல்லை எவ்வளவு உருக்கமாக வேண்டுமானாலும் சொல்லிவிட அவளால் முடியும். அந்த அறையில் எல்லோரும் நம்பியிருப்பார்கள். அடிவரைக்கும் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தபோது சுகேசி இன்னும் ஒரு மடக்கும் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல, சம்பந்தி" என்றாள் சஸ்மினி.

சுகேசி தலையை ஆட்டினாள். தன் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு சஸ்மினியின் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை நிரப்புவதற்காக உள்ளே போனாள்.